ஐந்தாவது மைக்

என் மனைவி ஆவணப்படம் எடுப்பவள். நான் அவளுடைய ஒலிப்பதிவாளன். செவிலியர்கள், கிரேன் ஓட்டுநர்கள், மலையேறிகள் என்று ஆறு படங்கள் முடித்திருந்தோம். ஏழாவதாக ஒரு சேனல், வீடியோ கேம் ஆடுவதையே பிழைப்பாகக் கொண்ட ஓர் அணியைப் பற்றிப் படம் கேட்டது.

"அஞ்சு பேரு நாற்காலியில உக்காந்திருக்கறதை யாரு பார்ப்பா?" என்றேன்.

"நீ நல்லா கேக்க வை. பார்க்க வைக்கறது என் பாடு," என்றாள்.

அணியின் பயிற்சிக்கூடம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் இருந்தது. ஐந்து மேசை, ஐந்து திரை, ஜன்னலை மறைத்துக் கறுப்புத் துணி. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஆறு மணிக்குத்தான் எழுவார்கள். எதிரணியின் கோட்டையைப் பிடிக்கும் ஆட்டம் அது. ஒருவருக்கொருவர் ஹெட்செட்டில் பேசிக்கொண்டே ஆட வேண்டும். மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். பெண்களில் ஒருத்தி கேப்டன், சத்தமான பேர்வழி. இன்னொருத்தி மருந்துக் கடை வேலையை விட்டுவிட்டு வந்தவள். ஆட்டத்தில் வாயே திறப்பதில்லை என்று மற்றவர்கள் அவளுக்குக் கேலியாக வைத்த பெயர் 'ரேடியோ'.

மூன்றாவது வாரம் கோச்சைத் தனியாக உட்கார வைத்துப் பேட்டி எடுத்தோம். "அடுத்த கோப்பை முடிஞ்சதும் ரேடியோவை மாத்திடுவேன்," என்றார். "நல்லா ஆடறா. ஆனா நேரத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறா. எல்லாம் முடிஞ்சப்புறம் 'நான் அப்பவே சொன்னேனே'ங்கறா."

ரேடியோவுக்கு அது தெரியாது. எங்கள் கேமராவுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை வீட்டில் ஒலித்தடங்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ஐந்து மைக்குக்கும் ஐந்து தடம் தனித்தனியாகப் பிடித்திருந்தேன். ரேடியோவின் தடத்தைத் திறந்தால் முதலில் கீபோர்டு சத்தம், தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதைப் போல. அதை வடிகட்டினேன். அடியில் அவள் குரல் நிதானமாக ஒலித்தது: "இடது பக்கம் ரெண்டு பேர் ஒளிஞ்சிருக்காங்க. போகாதீங்க." மூன்று விநாடி கழித்து கேப்டன் இடது பக்கம் போய் அடிபட்டாள்.

பதினோரு ஆட்டங்களின் தடங்களிலும் தேடினேன். பத்தொன்பது முறை எச்சரித்திருந்தாள். பதினைந்து முறை அவள் சொன்னதே நடந்தது.

மனைவியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். மூன்று தரம் கேட்டாள். இந்த விஷயத்தில் அவள் கறார் பேர்வழி. நாம் பார்க்க வந்தவர்கள், கை வைக்க வந்தவர்கள் இல்லை என்பாள். கிரேன் ஓட்டுநர் ஒருவரின் கல்யாணம் நிற்கப்போவது முன்பே தெரிந்தும் வாயைத் திறக்காதவள்.

"இது யாரோட குரல்?" என்றாள்.

"அவளோடது."

"அப்ப அவ கேக்கட்டும். கோச் சொன்னதை நான் சொல்ல மாட்டேன், அது அவர் வாயால வரணும். இதை மட்டும் குடுப்போம். கேமராவை ஆன் பண்ணிடு, நானும் ஃப்ரேம்ல இருப்பேன்."

"நீயா?"

"கை வைக்கறது நான்தானே? அது தெரியணும்."

பல் மருத்துவமனைக்கு வெளியே, படிக்கட்டில் ரேடியோவை உட்கார வைத்தோம். பக்கத்தில் உட்கார்ந்து என் மனைவியே என் ஹெட்போனை அவளுக்கு மாட்டிவிட்டாள். ரேடியோ அழுவாள் என்று நினைத்து, இருவரும் ஃப்ரேமில் இருக்க அவள் முகத்தில் ஃபோகஸ் வைத்திருந்தேன். அவளோ சிரித்துவிட்டாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்கேன்! ஒரு வருஷமா நான்தான் லேட்டா சொல்றேனோன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன்." பிறகு, "அது என்ன, பின்னாடி யாரோ அம்மி கொத்தற மாதிரி?"

"உங்க கீபோர்டு," என்றேன். "இதுல அதைக் குறைச்சிருக்கேன். நிஜத்துல இன்னும் மோசம்."

சட்டென்று எழுந்தாள். இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போனாள். நாங்கள் மூச்சு வாங்க அவள் பின்னால் ஓடினோம்.

"எல்லாரும் என் வால்யூம் எவ்வளவு வச்சிருக்கீங்கன்னு காட்டுங்க," என்றாள்.

நான்கு திரைகளிலும் அவள் பெயருக்கு நேராக இருந்த கோடு அடிமட்டத்தில் கிடந்தது.

"உன் கீபோர்டு காதுல ஆணி அடிக்குதுடி," என்றாள் கேப்டன். "அதான் எல்லாரும் குறைச்சுட்டோம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே! ஆட்டம் நடக்கறப்போ."

"நானும் ஆட்டம் நடக்கறப்போதான் சொன்னேன்," என்றாள் ரேடியோ.

கேப்டனின் முகம் சிவந்தது. அங்கே நின்றிருந்த கோச் ஹெட்போனை வாங்கி, பத்தொன்பதையும் கேட்டு முடித்தார்.

"சத்தம் வராத கீபோர்டு ஒண்ணு மாத்திடலாம்," என்றார் கடைசியில்.

"அதெல்லாம் வேண்டாம். என் விரலுக்கு இதுதான் பழக்கம். மைக்கை மாத்துங்க."

அவர் என்னைப் பார்த்தார். என் பையிலிருந்த சின்ன மைக்கை அவள் வாயோரம் பொருத்தி, கீபோர்டுக்குக் கீழே ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டேன். ஐந்து நிமிட வேலை.

கோச் என் மனைவியிடம், "நீங்க படம் எடுக்கத்தானே வந்தீங்க?" என்றார்.

"ஆமா. இதுவும் வரும். அன்னைக்கு நீங்க சொன்னதும் வரும்."

அன்று மாலையே அவர் ரேடியோவைக் கூப்பிட்டு, அவளை மாற்ற நினைத்திருந்ததைத் தானே சொல்லிவிட்டார். அதையும் எடுத்தோம். அவள் கைகட்டி நின்று கேட்டுவிட்டு, "இப்ப என்ன நினைக்கறீங்க?" என்றாள். "தப்பு பண்ண இருந்தேன்," என்றார்.

கோப்பைப் போட்டியில் அந்த அணி முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்குப் போனது. அங்கே மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது. நான்காவது சுற்றில் ரேடியோ தவறாக ஒரு வழி காட்ட, கேப்டன் கத்தினாள். "என் தப்புதான். அடுத்ததைப் பாரு," என்றாள் ரேடியோ, குரல் துளிகூட நடுங்காமல். அந்தச் சுற்றை ஜெயித்தார்கள்.

படத்தைப் பார்த்த சேனல் அதிகாரி படிக்கட்டுக் காட்சியை வெட்டச் சொன்னார். "டைரக்டர் படத்துக்குள்ள வரக் கூடாது மேடம்."

"வந்துட்டேன் சார். வந்ததை மறைக்க மாட்டேன். இது இல்லாம இந்தப் படம் கிடையாது."

அவர் இன்னொரு முறை போடச் சொன்னார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார்.

"அந்தப் பொண்ணு இன்னும் டீம்ல இருக்கா?"

"இருக்கா சார். செவ்வாய்க்கிழமை ஆட்டம்."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் பேனாவைத் தேடினார்.