நேராகக் கைக்கு

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து வடக்குப் பகுதியில் கறுப்பினக் கர்ப்பிணிகளுக்குத் துணை நிற்கும் அமைப்பை நடத்திவந்தாள் டெலோரிஸ் டில்லரி. நகரத்து அறக்கட்டளை ஒன்று உதவ முன்வந்தது. ஆனால் பணம் அவள் கைக்கு வராதாம். வெள்ளையர் நடத்தும் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, அவள் கேட்கக் கேட்கக் கொடுக்குமாம்.

"வாங்கித் தொலைடி," என்றாள் கூட வேலை செய்யும் மார்வெட்டா. "ரோஷம் வாடகை கட்டுமா?"

டெலோரிஸ் மறுத்துவிடுவது என்ற முடிவோடுதான் அறக்கட்டளைத் தலைவரைப் பார்க்கப் போனாள். ரொசாலியோ கான்ட்டூ புதிதாக வந்தவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் மெக்சிகோ வம்சாவளிக்காரர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இதை போர்டுல வந்து சொல்லுங்க," என்றார்.

"நான் சொன்னா கேட்டுடுவாங்களா?"

"கேக்கலைன்னா ரெண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குப் போவோம்."

போர்டு கூட்டத்தில் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "தப்பா நினைக்காதீங்கம்மா. உங்களை யார் கண்காணிப்பாங்க?"

"எங்ககிட்ட வர்ற தாய்மாருங்கதான். வலியில கூப்பிட்டு நாங்க போகலைன்னா, ஞாயித்துக்கிழமை அவங்க வர்ற சர்ச்சுல நான் தலைகாட்ட முடியாதுங்க."

யாரோ சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. அப்போது கான்ட்டூ எழுந்தார்.

"இதே அளவுல வெள்ளைக்காரங்க நடத்துற ஒரு அமைப்புக்குக்கூட நாம இந்த நிபந்தனையைப் போட்டதில்லை. நல்லா தேடிப் பார்த்துட்டேன். இவங்களுக்கு மட்டும் ஏன்?"

வேலையைப் பணயம் வைத்துப் பேசுகிறார் என்று டெலோரிஸுக்குப் புரிந்தது. அவளை வெளியே இருக்கச் சொன்னார்கள். நடைக்கூடத்தில் அங்கும் இங்கும் நடந்தாள். மார்வெட்டா சொன்னதைக் கேட்டிருக்கலாமோ?

கதவு திறந்தது. டையைத் தளர்த்திக்கொண்டே வந்தார் கான்ட்டூ. "நிபந்தனை போச்சு. உங்களுக்கு மட்டுமில்ல, இனிமே யாருக்கும் கிடையாது."

"அந்தப் பெரியவர்?"

"கடைசியா கை தூக்கினாரு. ஆனா தூக்கிட்டாரு."

டெலோரிஸ் சுவரில் சாய்ந்து நீண்ட மூச்சு விட்டாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதது அப்போதுதான் உறைத்தது. மார்வெட்டாவைப் போனில் கூப்பிட்டாள்.

"நேரா நம்ம கைக்கே வருதுடி!"

மறுமுனையில் ஒரே கூச்சல். பிறகு விசும்பல்.

"அழாதே. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, ஊரே பொரிச்ச மீன் சாப்பிடுற நாள். நாமளும் போறோம். எல்லாரையும் கூட்டிட்டு வா. எனக்கு ரெண்டு தட்டு."