எலியண்ணன் கை

எலிக்கு ஆள் அடையாளம் தெரியும்னு சொன்னா நம்புவீங்களா? மருந்தியல் துறை மேடம் நம்பல. மூணு வருஷமா நம்பல.

ரத்தக்கொதிப்பு உள்ள எலிகளுக்கு ஒரு புது மருந்து. வால்ல குட்டிப் பட்டையைச் சுத்தி அழுத்தம் பார்ப்பாங்க. மருந்து குடிச்சதுங்களுக்கு நூத்தி முப்பது, வெறும் தண்ணி குடிச்சதுங்களுக்கு நூத்தி அறுபது. கட்டுரை தயார். அது வெளிய வந்தா மேடத்துக்குப் பேராசிரியர் பதவி. பதினொரு வருஷமா ஆட்டம் காட்டின பதவி.

அப்பதான் எலியண்ணன் மக பிரசவத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டார். ஆய்வகத்து எலிக்கூண்டெல்லாம் அவர் பொறுப்பு, அதான் அந்தப் பேர். மருந்து எலிகளைக் காலையில அளக்கிறதும் அவர்தான். தண்ணி எலிகளை மத்தியானம் மாணவர்கள் அளப்பாங்க. அந்த வாரம் எல்லாத்தையும் மாணவர்களே அளந்தாங்க. மருந்து எலிகளும் நூத்தி அறுபதுக்கு ஏறிடுச்சு.

மேடம் எலியண்ணன் திரும்பி வர்ற வரைக்கும் காத்திருந்தாங்க. அவர் வந்ததும் தண்ணி எலி பத்தைக் கையில குடுத்தாங்க. ஒவ்வொண்ணையும் துண்டுல சுத்தி நெஞ்சோட அணைச்சு, "வாடா ராசா, ஒண்ணுமில்லடா"ன்னு கொஞ்சிட்டுத்தான் அளந்தார். பத்துக்கும் நூத்தி முப்பதுதான்.

"எப்பவும் இப்படித்தான் அளப்பீங்களாண்ணே?"

"பயந்த புள்ளைக்கு எடுத்ததும் பட்டையை மாட்டுவாங்களா மேடம்?"

மேடம் போய் விஷயத்தைச் சொன்னப்ப துறைத்தலைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கல. "ஒரு வாரக் கணக்குதானேம்மா, தூக்கிக் கடாசுங்க. நாளைக்குக் கட்டுரை போயாகணும்."

"மருந்து வேலை செய்யல சார். வேலை செஞ்சது எலியண்ணன் கை."

"அதெல்லாம் யார் கேக்கப்போறா?"

"நாளைக்கு ஒரு நோயாளி இந்த மாத்திரையை நம்பி முழுங்குவார். கூடவே எலியண்ணனையும் அனுப்பி வைப்பீங்களா?"

"இதை விட்டா ரிடையர் ஆகுற வரைக்கும் உங்களுக்கு அதே நாற்காலிதான்."

"நல்ல நாற்காலி சார். இடுப்புக்கு இதமா இருக்கு. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அன்னிக்கு மத்தியான வகுப்புல மேடம் ரெண்டு எண்ணையும் கரும்பலகையில எழுதினாங்க. "இது நான் மூணு வருஷமா பண்ணின தப்பு. எழுதிக்குங்க, பரீட்சையில வரும்."

கடைசி பெஞ்சுல ஒருத்தன், "எத்தனை மார்க் மேடம்?"

"பத்து. தப்பு யாரோடதுன்னு பேரோட எழுதினாத்தான் முழு மார்க்."

மறுநாள் காலையில கட்டுரை போகல. எட்டு மணிக்கு எது மருந்து, எது தண்ணின்னு அளக்கிறவருக்குத் தெரியாம எல்லாக் கூண்டுலயும் புது எண் ஒட்டினாங்க. எல்லா எலியையும் எலியண்ணனே அளந்தார். முதல் எலிக்கு நூத்தி இருபத்தெட்டு. அது மருந்து எலியா, தண்ணி எலியான்னு அவருக்குத் தெரியாது.