மரத்துக்கு அந்தப் பக்கம் ஆண்டி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கள்ளக்குறிச்சியில், மாலைத் தட்டச்சு வகுப்பில். பக்கத்து மெஷினில் அடிக்கும் அருள் ஒரே வாக்கியத்தில் சொன்னான்: "போன வாரம் மறியல்ல எங்க சித்தப்பா மாட்டிக்கினார், ஆட்சேபணை சொல்ல முடியாம பூடுச்சி."

அருளுக்கு ஊர் கல்வராயன் மலை. அங்கே அலுமினிய மண் எடுக்கச் சுரங்கம் வருகிறது. சித்தப்பா ஆண்டியின் வீடும் சாமைக்காடும் அதற்குள் போகின்றன. தாலுகா ஆபீசில் நேரில் ஆட்சேபிக்க மறியல் நடந்த அன்றுதான் கடைசி நாள். மற்றதெல்லாம் நான் சேர்த்தது. சந்தேகத்தோடு படியுங்கள்.

2

முதல் தொடக்கம்: 'மலை கண்விழித்த அதிகாலையில்...' வேண்டாம்.

இரண்டாவது: மலைக்கு வந்த அதிகாரி ஆண்டியைக் கேட்கிறார்.

"நாட்டுக்கு அலுமினியம் வேணும். உனக்குச் சாமை வேணும். எது பெருசு?"

"அந்த நாட்டுல நான் இல்லீங்களா?"

(ஆண்டியின் பதிலை அடித்துவிட்டேன். கைதட்டலுக்காக எழுதியது. அதிகாரியின் கேள்வியை மட்டும் அடிக்கத் தோன்றவில்லை.)

3

மலையடிவாரச் சாலையில் ஒரு புளியமரம் குறுக்கே கிடக்கிறது. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் செய்ய, அடிவாரத்து எங்கள் ஊர்க்காரர்கள் வெட்டிப் போட்டது. காவலுக்குக் கரும்பு விவசாயி கொளஞ்சியப்பன். நடந்தே இறங்கி வந்த ஆண்டி, மரத்துக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்துவிடுகிறார். அவர் ஊரில் சாமிக்குக் காப்புக் கட்டினால் வழியில் கிளை வெட்டிப் போடுவார்கள். எடுக்கும்வரை வெளியாள் தாண்டக் கூடாது. இங்கேயும் திருவிழா என்று நினைத்துக் காத்திருக்கிறார். சாயங்காலம் தாலுகா ஆபீசைப் பூட்டிவிடுகிறார்கள்.

எழுதியதும் எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்திதான் உறுத்தியது. யாரும் தடுக்கவில்லை, அவராகவே உட்கார்ந்தார் என்றால், எங்கள் ஊர்

[வாக்கியத்தை முடிக்கவில்லை.]

4

அருளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"கிளை போடறது நெசம்தான். அதுல வேப்பிலை, மஞ்சத்துணி எல்லாம் இருக்கும். மரத்து மேல ஆளுங்க பீடி குடிச்சிக்கினு உக்காந்திருந்தா சாமின்னா நெனப்போம்? எங்காளு கேனையனா இருந்தாத்தான் உன் கதை நிக்குமா?"

"அப்ப இன்னாதான் நடந்துச்சு?"

"உங்க ஊரு மரம்தானே? அங்கயே கேளு."

5

கொளஞ்சியப்பன் எனக்கு மாமா முறை. கேட்டேன்.

"வந்தான் ஒருத்தன். கையெடுத்துக் கும்பிட்டான். நாங்க கவர்மென்ட்டையே நிறுத்திக்கினு இருக்கோம், உனக்குக் காடு பெருசாய்யா, உக்காருன்னேன். உக்காந்தான்." சிரித்தார். "கதையில எம்பேரப் போட்டுடாதடா மாப்ள."

6

இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஆண்டி சாமி என்று நம்பினார் என எழுதினால் எல்லோரும் நல்லவர்கள், பத்திரிகையிலும் போடுவார்கள். நடந்ததை எழுதினால் மாமா வீட்டுப் படி ஏற முடியாது. பெயரை மாற்றலாம் என்று பார்த்தேன். மேலே அப்படியே கிடக்கிறது.

மரத்தை இழுத்துப் போட்டதும் முதலில் மலையேறியது சுரங்கத்துக்குத் துளை போடும் லாரி. இது என் கற்பனை இல்லை, ஊரே பார்த்தது.

ஆண்டி இப்போது என்ன செய்கிறார் என்று அருள் என்னிடம் சொல்வதில்லை. நீங்கள் கேட்டுப் பாருங்கள். நீங்கள் எந்த ஊர் என்று முதலில் கேட்பான்.