பத்தாவது ஆணி

மங்கலத்துக்குக் கணக்கெல்லாம் நாக்கில்தான். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் எதிரே குடைக்கடியில் உட்கார்ந்து ஷூ தைப்பவள் அவள். கால் வடிவ மரக்கட்டையின் மேல் தோலை இழுத்து மூடி, அடிப்பக்கம் காலுக்கு ஐந்து சின்ன ஆணி அடித்து நிறுத்துவாள். பசை காய்ந்ததும் அவற்றைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வாள். பத்தும் நாக்கில் தட்டுப்பட்ட பிறகுதான் அடித்தோலை ஒட்டுவாள்.

இன்று காலை பதினொரு மணிக்கு, அடுத்த ஜோடிக்காக டப்பாவைத் திறந்தபோது ஒன்பதுதான் இருந்தது.

காந்தத்தை மண்ணில் இழுத்தாள். சாக்கை உதறினாள். ஒரு ஹேர்பின் மட்டும் வந்து ஒட்டியது. அப்போதுதான் உறைத்தது. நேற்று ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தபோது பூக்கடை குப்பு, "இன்னாடி, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்கப்போய், சிரிப்பு தாங்காமல் எல்லாவற்றையும் டப்பாவில் துப்பிவிட்டாள். எண்ணாமலே அடித்தோலை ஒட்டிவிட்டாள். இன்று விடியற்காலையில் இடதுகால் கட்டை வெளியே வராமல் அடம்பிடித்ததும் நினைவு வந்தது. புதுத்தோல் இறுக்கம் என்று பலங்கொண்டு இழுத்திருந்தாள். கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பத்தாவது ஆணிதான்.

அந்த ஷூ சுப்புராயனுடையது. நெல்லிக்குப்பத்துக்காரர். சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போனவர். போன வருஷம் செருப்பு வார் உரசிய புண்ணுக்கே சுண்டுவிரலை எடுத்தார்கள். இன்னொரு புண் வந்தால் பாதமே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காலையில் அவர் போட்டுப் பார்த்தபோது, எல்லாரிடமும் கேட்பதையே அவரிடமும் கேட்டாள். "எங்கியாவது குத்துதா சார்?"

"குத்தவே இல்லம்மா. பஞ்சு மாதிரி இருக்கு."

அந்தப் பதிலில் பூரித்துப்போனாள். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கவில்லை. மரத்த காலிடம் போய்க் கேட்டிருக்கிறாள்.

போன் அடித்தாள். அவர் மகள் கயல்விழி எடுத்தாள்.

"அப்பா செல்போன வூட்லயே உட்டுட்டுப் போய்ட்டாருக்கா. புது ஷூ போட்டுக்கிட்டு நேரா சிதம்பரம் கோயிலுக்குப் போறேன்னாரு. ஸ்டேண்டுலேருந்து நடந்தே போவாரு, பாருங்களேன்."

மங்கலம் குறடைக் கையில் பிடித்தபடியே பஸ் ஏறினாள். செம்மங்குப்பத்து கெமிக்கல் கம்பெனிகள் வந்ததும் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். அவளுக்கு நாற்றமே தெரியவில்லை. அவர் இப்போது இறங்கியிருப்பார். இப்போது நடப்பார். ஒவ்வோர் அடிக்கும் ஆணி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அவர் பாட்டுக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டு போவார்.

"இன்னாக்கா, வாசப்படியிலயே நிக்கிற? பஸ்ஸ எறங்கித் தள்ளப் போறியா?" என்றார் கண்டக்டர்.



சிதம்பரம் கீழ வீதியில், கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் நூற்றுக்கணக்கில் வரிசை வரிசையாகக் கிடந்தன. தன் தையலை எங்கே கண்டாலும் அவளுக்குத் தெரியும். மூன்றாவது வரிசையில் இருந்தது. இடதுகால் ஷூவுக்குள் கையை விட்டாள். சுருக்கென்று விரலில் ஏறியது.

கையை வெளியே எடுத்தாள். விரலில் ரத்தம். ஷூவின் உள்தோலிலும் ரத்தம். அது தன்னுடையதா, அவருடையதா? வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

வெகுநேரம் கழித்து, நெற்றி நிறைய விபூதியோடு சுப்புராயன் வந்தார். நடையில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

"மங்கலம்! நீயும் சாமி பாக்க வந்தியா?"

"சார், காலக் காட்டுங்க."

"இங்கியா? எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"காட்டுங்க சார்!"

கத்தின கத்தலில் நாலு பேர் திரும்பினார்கள். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு இடதுகாலைத் தூக்கினார். பாதம் முழுக்கப் பிராகாரத்துப் புழுதி. கட்டைவிரலுக்குக் கீழே மட்டும் கடுகளவு ஈரம். முந்தானையால் ஒற்றினாள். துணி சிவந்தது. மறுபடி ஒற்றினாள். மறுபடியும் சிவந்தது.

"என்னம்மா, சேறா?" என்று குனிந்தார். பார்த்தார். பிறகு அவளைத் தேற்றுகிறவர்போலச் சொன்னார்: "வலிக்கவே இல்லியே."

மங்கலம் ஆட்டோவைக் கூவி அழைத்தாள். ஆட்டோ வந்து நிற்கும்வரை அந்தக் காலைத் தரையில் வைக்க அவள் விடவில்லை.