அம்பில் தடவிய மருந்து

டயர் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தவருக்குக் காலில் ஆணி ஏறுவது புதிதல்ல. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். அடுத்த வாரம் ஒரு காலையில், ரொட்டியைக் கடிக்க வாய் திறக்கவில்லை.

"எப்பவும் குறை சொல்லிட்டே சாப்பிடுவீங்க. இன்னைக்குச் சாப்பிடவே மாட்டேன்னுட்டீங்களே" என்று கேலி செய்த மனைவி, அவர் கழுத்து பின்னால் வளைவதைக் கண்டதும் அலறியடித்துத் தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

ஆணி ஏறிய புண்ணால் வந்த ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கதவு சாத்தும் சத்தத்துக்கே உடம்பு வில்லாய் விறைத்தது. ஒவ்வொரு முறையும் மார்பு இறுகி, உதடு நீலம் பாரித்தது. கொடுத்த மருந்து எதற்கும் வலிப்பு அடங்கவில்லை.

மயக்க மருந்து டாக்டர் வந்தார். சன்னமான குரல்கொண்ட பெண்மணி. மனைவியை வெளியே அழைத்துப்போய் உட்கார வைத்தார்.

"ஒரு காட்டுக் கொடியிலேர்ந்து எடுத்த மருந்தும்மா. வேட்டைக்காரங்க அதோட சாறைத்தான் அம்பு முனையில தடவுவாங்க. தசையெல்லாம் தளர்ந்துடும். வலிப்பு நிக்கும்."

"மூச்சு?"

"அதுவும் நிக்கும். அவருக்குப் பதிலா நாங்க போடுவோம்."

"விஷத்தக் கொடுத்துத்தானா காப்பாத்துவீங்க?"

"அளவு தெரிஞ்சவங்க கையில அது விஷமில்ல. என்னை நம்புங்க."

அவள் தலையசைத்தாள்.

முதலில் தூங்க வைத்தார்கள். தொண்டையில் குழாய் பொருத்தி, பிறகு ஊசி போட்டார்கள். இறுகிய கை துவண்டு விரிந்தது. முதுகு மெத்தையில் படிந்தது. மார்பு அசையாமல் நின்றது. வாசலில் நின்று பார்த்த அவளுக்கு உயிரே போனதுபோல் இருந்தது. டாக்டர் குழாயில் மாட்டிய ரப்பர் பையை அமுக்கினார்; மார்பு எழுந்தது.

இருந்த ஒரே மூச்சு இயந்திரம் வேறொரு நோயாளிக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே கைதான் இயந்திரம். டாக்டர், நர்சுகள், பஸ் ஓட்டுகிற தம்பி எல்லோரும் முறைவைத்து அமுக்கினார்கள்.

"அவசரப்படாதீங்க. நீங்க மூச்சு விடுற வேகத்துலயே அமுக்குங்க" என்றார் டாக்டர்.

"மாமாவுக்கும் சேர்த்து நானே விடுறேன் டாக்டர்" என்றான் தம்பி, நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தபடி.

அவளை வியக்க வைத்தது இன்னொன்று. ஊசி போடுமுன், திருப்பிப் படுக்க வைக்குமுன், அசையாத அந்த மனிதரிடம் டாக்டர் சொல்லிவிட்டுத்தான் செய்வார். "இந்த மருந்து மூளையத் தொடாதும்மா. தூக்கம் கலைஞ்சா எல்லாம் கேக்கும், வலிக்கும், சொல்லத்தான் முடியாது." அதனால் நாடியையும் கண்ணோரத்தையும் அடிக்கடி பார்ப்பார். துளி ஈரம் தெரிந்தாலும் தூக்க மருந்தைக் கூட்டுவார். வாய் திறந்து கேட்க முடியாதவருக்காக இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிற ஒருத்தியை அவள் அதுவரை கண்டதில்லை.

வாரங்கள் ஓடின. ஜன்னியின் பிடி தளரத் தளர, மருந்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார்கள். ஒரு மதியம் டாக்டர் பையிலிருந்து கையை எடுத்தார். எதுவும் நடக்கவில்லை. தம்பியின் கை பதறிப் பைக்குப் போனது.

"பொறுங்க" என்று தடுத்தார் டாக்டர்.

மார்பு லேசாக எழுந்தது. தாழ்ந்தது. மறுபடி எழுந்தது.

"இது அவரோடது" என்றார்.

மனைவி டாக்டரின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பை அமுக்கி அமுக்கி உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. நன்றி என்ற சொல் போதாதென்று பட்டது; அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கக் கணவருக்கு இன்னும் வெகுநாள் ஆனது, ஆனால் நடந்தார்.