பசையின் கனம்

அக்காக்காரி தப்பை ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. அவள் கணக்கு அப்படி. அலுமினியத் தகடு, பிளாஸ்டிக் தகடு என்று மாற்றி மாற்றி இருபத்துநான்கை ஒட்டி அடுக்கினால், காதுக்கு எட்டாத ஒலிகளில் அவள் குறித்த அதிர்வெண் மட்டும் அதைத் தாண்டாது, மற்றதெல்லாம் போகும். ஸ்கேன் கருவிகளுக்கு வேண்டிய சமாச்சாரம். சூட்சுமமெல்லாம் தகட்டின் கனத்தில். கணக்குப் போடுவது அவள், ஒட்டுவது தம்பி.

போன வருஷம், அதுவரை தொடாத மெல்லிய தகடுகளில் செய்த அடுக்கு சோதனையில் தோற்றது. தடுக்கவேண்டிய ஒலி திரையில் நெட்டுக்குத்தான கோடாக எழுந்து நின்றது.

"மறுபடி ஆரம்பிச்சிட்டியா? கை நடுங்குச்சா?" பட்டறையில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அவன் குடியை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"இல்லக்கா. பசைக்கும் ஒரு கனம் இருக்குல்ல? அதைக் கணக்குல சேர்த்தியா?"

"எனக்கே பாடம் எடுக்கறியா? வெளிய போ."

போனான். அந்த வாரமே குடிக்கத் தொடங்கினான். ஏற்கெனவே பாதி கெட்டிருந்த ஈரல் எட்டு மாதம்தான் தாங்கியது. சாவு வீட்டில் அக்காக்காரி அழுதாள். ஆனால், நான் அப்போதே சொன்னேனே என்கிற முகத்தோடுதான் அழுதாள்.

போன வாரம் அதே ஆர்டர் திரும்பி வந்தது. இம்முறை தன் கையாலேயே ஒட்டிச் சோதித்தாள். அதே இடத்தில் அதே ஒலி எழுந்தது. இருபத்துமூன்று பசைப் பூச்சுகளையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டாள். தடித்த தகடுகளில் ஒரு பொருட்டாகவே தெரியாத பசை, மெல்லிய தகடுகளில் கணக்கையே புரட்டியிருந்தது. புதிய கணக்கின் கோடு, சோதனையில் திரை காட்டிய கோட்டின்மேல் அச்சாக உட்கார்ந்தது. அவன் கையில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை.

மறுநாள் காலை தம்பி மனைவியின் வீட்டுக்குப் போனாள். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அவன் குடிக்கலம்மா. தப்பு என் கணக்குல. நான்தான் அவனைக் கொன்னுட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பாள் என்றுதான் வந்திருந்தாள். அவளுக்கு அது வேண்டியும் இருந்தது. தம்பி மனைவியோ துணியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"அன்னைக்கு வந்ததும் என் முகத்துக்கு நேரா ஊதிக் காட்டினாரு அண்ணி. வாடையே இல்ல."

"அப்புறம்?"

"நான் நம்பல. உங்க அக்கா பொய் சொல்வாங்களான்னு கேட்டேன்."