அத்தை ஏறினால் வரும் சத்தம்

ஆஸ்பத்திரி வேலையில் இருந்த காலமெல்லாம் நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்தவர் மாமா. ஓய்வு பெற்ற கையோடு, தெருவையே தூங்கவிடாத ஒரு காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். சிவப்பு நிறம். இரண்டே இருக்கைகள். தரையோடு பதுங்கிய உடம்பு. ஸ்டார்ட் செய்தால் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று மகன் கேட்டான். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்து, கிணற்றுக்குள் இறங்குவது போல மெல்ல உள்ளே இறங்கி உட்கார்ந்து, "எங்க போறோம்?" என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் இருவரும் ஏரிக்கரை ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வருவது வழக்கமானது. ஒரு மழைக்காலம் முடிகிற வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு அந்தச் சத்தம் வந்தது.

பெரிய சத்தம் இல்லை. டொக். யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டுவது போல முன்பக்கம் எங்கிருந்தோ ஒரு தட்டல். சாயங்காலம் வரும், மறுநாள் காலையில் அவர் கடைக்குப் போகும்போது வராது. மாமா மனம் விட்டுப்போய்க் காரை மருமகளிடம் கொண்டுவந்தார்.

மருமகளுக்குச் சொந்த ஒர்க்‌ஷாப் இருந்தது. இரண்டு கார்கள் நிற்கிற கொட்டகை, எண்ணெய்க் கறை படிந்த தரை, சுவர் முழுக்க ஸ்பானர்கள். அவள் காரைத் தூக்கி நிறுத்தி ஷாக் அப்சார்பரைப் பார்த்தாள். ரப்பர் புஷ்களைக் கம்பி விட்டு நெம்பினாள். போல்ட் ஒவ்வொன்றையும் முறுக்கிப் பார்த்தாள். தனியாக ஓட்டிப் போய்வந்தாள். மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்தும், அவரை ஓட்டச் சொல்லித் தான் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்தாள். கார் வாயே திறக்கவில்லை.

"மாமா, உண்மையாவே சத்தம் வருதா? இல்ல உங்களுக்கு அப்படித் தோணுதா?"

"என்னம்மா இப்படிக் கேக்கற? உங்க அத்தையும் கேட்டா. அவ ஏறினா கண்டிப்பா வருது."

இதை அவர் ஒர்க்‌ஷாப்போடு விட்டிருக்கலாம். இரவுச் சாப்பாட்டின்போது, ஏதோ பெரிய கண்டுபிடிப்பு போல, வீட்டிலும் சொன்னார். "யோசிச்சுப் பாத்தேன். நீ ஏறினாதான் அது சத்தம் போடுது."

அத்தையின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அப்படின்னா?"

"அப்படின்னா... வேற ஒண்ணும் இல்ல. எடை அந்தப் பக்கம் போறப்ப..."

"முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தவ நான். தண்ணியே என்னைத் தாங்கிச்சு. உங்க காருக்குத் தாங்கலையா?"

மறுநாளிலிருந்து அத்தை காரில் ஏறவில்லை. மாமா தனியாகப் போனார், தனியாக வந்தார். கார் சத்தமே போடவில்லை. அவருக்கும் பேச்சு குறைந்தது. ஒரு சாயங்காலம் அவர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "சத்தம் வந்தாலும் பரவாயில்லை போல இருக்கும்மா" என்றார். மருமகளுக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது.

"சரி மாமா, எடைதான் காரணமான்னு முதல்ல பாத்துடுவோம்" என்று அவள் இரண்டு மணல் மூட்டைகளைக் கட்டினாள். அவற்றை அத்தையின் இருக்கையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, சரியாமல் இருக்க சீட் பெல்ட்டும் போட்டுவிட்டாள். மாமா ஒரு சுற்றுப் போய்வந்து உதட்டைப் பிதுக்கினார். சத்தம் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா அத்தை வரவேண்டும்! மாமா மறந்துவிட்டுப் போன கைபேசியைக் கொடுக்க வந்தவர், காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது யாரு?"

மருமகள் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள்.

"என் இடத்துல பெல்ட் போட்டு உக்காந்திருக்கே, யாரு இது?"

"சோதனைக்கு அத்தை" என்றாள் மருமகள்.

"எடை எவ்வளவு வச்சே?"

"நானா ஒண்ணும் வைக்கல. மாமா சொன்ன அளவுதான்."

"காட்டிக் குடுத்துட்டியேம்மா!" என்றார் மாமா.

அத்தை பெல்ட்டைக் கழற்றினார். மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் போட்டார். இருக்கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தார். "ஓட்டுங்க. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்."

மூன்றாவது ஆளுக்கு அந்தக் காரில் இடம் இல்லை. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் தார் பெயர்ந்த ஒரு சந்து இருந்தது. அதில் ஓட்டச் சொல்லிவிட்டு, மருமகள் முன்சக்கரத்தின் பக்கமாக நடந்தே போனாள். கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. டொக்.

"கேட்டியா?" என்று மாமா உள்ளேயிருந்து கத்தினார்.

"கேட்டேன்! நிறுத்தாதீங்க, போங்க!"

அடுத்த தார் ஒட்டில் டொக். அதற்கடுத்த மேட்டில் டொக். அத்தை பக்கத்துச் சக்கரம்தான், சந்தேகமே இல்லை. சந்தின் முனை வரை போன பிறகுதான் மருமகளுக்கு வேறொன்று உறைத்தது. இவ்வளவு தூரமும் அவள் ஓடவில்லை. வேகமாகக்கூட நடக்கவில்லை. கடைக்குப் போகிற நடையில் ஒரு ரேஸ் காரோடு பேசிக்கொண்டே வந்திருக்கிறாள்.

"மாமா, ஏரிக்கரை ரோட்லயும் இப்படித்தான் ஓட்டுவீங்களா?"

"எப்பவுமே இப்படித்தான்" என்று அத்தை முந்திக்கொண்டார். "ரொம்ப நிதானம். அது ஒண்ணுதான் இவர்கிட்ட நல்ல குணம்."

மாமா ஸ்டீயரிங்கையே பார்த்தார்.

மருமகள் காரைச் சரிவு மேடையில் ஏற்றச் சொன்னாள். நான்கு சக்கரமும் காரின் எடையைத் தாங்கி நிற்க, அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பாகக் கை வைத்தாள். மேலே மாமா காரைப் பக்கவாட்டில் ஆட்டினார். சக்கரத்துக்குப் பின்னால் விரல் பருமனுள்ள ஒரு இணைப்புக் கம்பியை, லிங்க் ராடைப் பிடித்தபோது உள்ளங்கையில் துடிப்பு தட்டியது. அதன் முனையில் இருந்த ரப்பர் உறை கிழியாமல் புதிதுபோல இருந்தது. உள்ளே இருந்த உருண்டை மட்டும் மயிரிழை அளவு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அன்று காரைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது அது இறுகி நின்று ஏமாற்றியிருக்கிறது.

புது ராடு மறுநாள் மதியம் வந்தது. அதை மாட்டி முடிக்கிற வரை அத்தை ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இப்ப சொல்லு. என் எடையா, இல்லையா?"

"இல்லவே இல்ல அத்தை. பள்ளத்துல மெதுவா இறங்கினா இந்த உருண்டை தளர்ந்து தட்டும். வேகமாப் போனா, நான் ஓட்டிப் பாத்தப்ப மாதிரி, எஞ்சின் சத்தத்துல அது காதுலயே விழாது. நீங்க ஏறினா மாமா மெதுவாப் போறார். அவ்வளவுதான்."

அத்தைக்கு முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரம்தான். "இரு. அப்ப நான் இல்லாதப்ப?"

மருமகள் கையைத் துணியில் துடைக்கத் தொடங்கினாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"சொல்லும்மா."

"பறப்பார் அத்தை."

மாமா குனிந்து டயரில் ஏதோ கல் இருப்பது போலத் தேடினார்.

"ஏங்க, நிமிந்து பாருங்க. ஊருக்கெல்லாம் பறந்து காட்டிட்டு, எனக்கு மட்டும் மாட்டு வண்டியா?"

"நான் வேணும்னு பண்ணலம்மா" என்றார் மாமா. குரல் தணிந்திருந்தது. "நீ பக்கத்துல இருந்தா கால் தானா பெடலை விட்டு எடுத்துக்குது. உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு... வேலையிலயும் அப்படித்தானே இருந்தேன். ஒரு மூச்சு தப்பிடக் கூடாதுன்னு பாத்துப் பாத்தே பழகிடுச்சு."

அத்தை எழுந்து வந்து அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த கிரீஸைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தார். கறை இன்னும் பரவியது.

"நான் என்ன முட்டையா, உடைஞ்சு போக? குளத்துல இருக்கறதுலயே உசரமான பலகையில இருந்து தலைகீழாக் குதிச்சவ. பிள்ளைங்க வேனை மழையில, வெயில்ல ஓட்டினவ. சாவியைக் குடுங்க."

"நீயா?"

"வேற யாரு? சத்தம் போச்சான்னு பாக்க வேண்டாமா?"

மாமா மருமகளைப் பார்த்தார். அவள் ஸ்பானரை மாட்டுகிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாவி கைமாறியது.

அத்தை முதலில் சந்துக்குள் மெதுவாக ஓட்டினார். பள்ளம், ஒட்டு, மேடு. ஒன்றிலும் சத்தம் இல்லை. பிறகு கார் பெரிய ரோட்டுக்குத் திரும்பியது. ஒரு உறுமல், சிவப்பாக ஒரு கோடு. அப்புறம் ரோடு காலியாக இருந்தது.

திரும்பி வந்தபோது அத்தையின் கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. கன்னம் சிவந்திருந்தது. மாமா கதவுப் பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

"சத்தம் வந்துச்சா மாமா?"

"தெரியலம்மா. நான் கண்ணை மூடிட்டு இருந்தேன்."

"காது தொறந்துதானே இருந்துச்சு?"

"அதுல இவ சிரிப்புதான் கேட்டுச்சு. இப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு!"

அத்தை எஞ்சினை அணைக்கவில்லை. முடியை அள்ளி முடிந்துகொண்டே கேட்டார். "இன்னொரு சுற்று வரீங்களா? பயமா இருந்தா இறங்கிக்குங்க, மருமகளை ஏத்திக்கறேன்."

மாமா பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டு, இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.